பழைய டெஸ்க்டாப்பை வேலைக்கு எடுப்பது எப்படி: தங்கச்சிமடத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து

"அக்கா, இதுல என்ன போடலாம்?"

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: "இதை வெச்சு என்ன செய்யப்போற?" பாதிப் பேரிடம் பதில் இருக்காது. "சும்மா வீட்டுல கெடக்கு, பிள்ளைக பாக்கும்" என்பார்கள். அப்படி வருகிற பெட்டி கொஞ்ச நாளில் மறுபடியும் பரணுக்குப் போய்விடும். "படகுக் கணக்கு எழுதணும்", "பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகம் பாக்கணும்" என்று ஒரு வேலையோடு வருகிற பெட்டிதான் வருஷக்கணக்கில் ஓடுகிறது. பத்து வேலைக்கும் ஒரு பழைய பெட்டி என்றால் அது மூச்சுத் திணறும். ஒரு பெட்டிக்கு ஒரு வேலை, மிஞ்சினால் இரண்டு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் நான் நடத்துவது ஜெராக்ஸ், டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், திருவிழா நோட்டீஸ், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் சுய உதவிக் குழுக் கணக்கு எல்லாம் இங்கேதான் நடக்கும். கடையில் ஓடுகிற மூன்று கம்ப்யூட்டரும் பழசு. ராமநாதபுரத்தில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் எடுத்தவை இரண்டு. மூன்றாவது, கீழக்கரையில் சபுருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போன ஒருவர் வீட்டில் கிடந்தது. மூன்றுக்கும் தனித்தனி வேலை.

எது தேறும்

கேபினெட்டின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பென்டியம் 4 என்று இருந்தால் அதற்குப் பணம் போடாதீர்கள். இன்றைய இணையதளங்களைத் திறக்க அது படும் பாட்டைப் பார்க்க நமக்கே சங்கடமாக இருக்கும். கோர் 2 டுயோ என்றால் 4 ஜிபி ரேமும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றும் போட்டு, டைப்பிங், கணக்கு, இரண்டு மூன்று டேப் திறந்து பார்ப்பது என்று ஓட்டிவிடலாம். 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3, அதற்குப் பிந்தையது என்றால் யோசிக்கவே வேண்டாம். 8 ஜிபி ரேம் போட்டால் வீட்டு வேலை எல்லாம் செய்யும்.

ஸ்டிக்கர் உதிர்ந்து போயிருக்கிறதா? கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால் 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். பிராசஸர் பெயரும் ரேம் அளவும் அங்கேயே இருக்கும்.

அடுத்து மூடியைக் கழற்றி மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்ன உருளைகள்தான் அவை. தலைப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மேலே உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அந்தப் போர்டு இன்றைக்கு ஓடினாலும் நாளைக்கு நடுவழியில் நின்றுவிடும். கெப்பாசிட்டரை மாற்றித் தருகிற மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் அதிலிருக்கும் ரேம், ஹார்டு டிஸ்க், மானிட்டரை எடுத்துக்கொண்டு போர்டை விட்டுவிடுங்கள்.

உப்பு

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் எழுதினால் இந்தப் பகுதியே இருக்காது. நமக்கு இதுதான் முதல் பாடம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கத்து வீடுகளில் சன்னல் கம்பியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். வாடை திரும்பினால் வடகடல் பக்கத்துக்காரர்கள் முறை. அதே காற்றைத்தான் கம்ப்யூட்டரின் ஃபேனும் உள்ளே இழுக்கிறது. தூசி மட்டும் என்றால் சூடேறுவதோடு போகும். உப்பு படிந்த தூசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் கரன்ட் போகாத இடத்தில் போகும், செம்பு பச்சை பூக்கும், ஸ்குரூ துருப்பிடித்துத் தலை மழுங்கும். என்னிடம் "செத்துப்போச்சு" என்று வந்த பெட்டிகளில் நிறைய, சாகவில்லை. ரேம் ஸ்லாட்டில் உப்புதான் பிடித்திருந்தது.

சுத்தம் செய்யும் முறை: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகு கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரு தடவை சில நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் இறங்கிவிடும். ஈரமில்லாத கையால் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புதுசான ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ் போதும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், சுற்றவிட்டு ஊதாதீர்கள். வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதில் ஸ்டாட்டிக் கரன்ட் வரும்.

ரேமைக் கழற்ற, இரண்டு முனையிலும் உள்ள வெள்ளைக் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக எழும்பும். அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் தெரியும். அது மங்கியோ புள்ளி விழுந்தோ இருந்தால், பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். நான்கைந்து இழுப்பில் பளிச்சென்று ஆகிவிடும். ரப்பர்த் தூளைத் துணியால் துடைத்துவிட்டு, ஸ்லாட்டையும் பிரஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திச் செருகுங்கள். ஆன் செய்ததும் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு திரையில் ஒன்றும் வராத பெட்டிகளில் பல இந்த ஒரு வைத்தியத்திலேயே எழுந்துவிடும்.

வேறு இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கிப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகுதான் கரன்ட். கொரோனா காலத்து சானிடைசர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் சிலர். வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து கல்லாகிப் போயிருந்தால் புதுசு வைக்க வேண்டும், ஒரு துவரம்பருப்பு அளவு போதும். பற்பசை வைத்தாலும் வேலை செய்யும் என்று ஒரு தம்பி சொன்னான். அந்தத் தம்பியிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறிகிற அளவு கரன்ட் நிற்கும். வெளியிலிருந்து பிரஷால் தட்டுவதோடு நிறுத்துங்கள்.

மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். இது செத்துவிட்டால் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பழைய வருஷத்துக்குப் போய்விடும். அதனால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று எச்சரித்துத் திறக்கவே மறுக்கும். நெட் போய்விட்டது என்று ரீசார்ஜ் செய்துவிட்டு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூலையில் இருக்கும் மணியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது? கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம். மணல் ஏறும், மழைத் தண்ணீர் வரும், எறும்பு குடியிருக்கும். ஒரு முக்காலி உயரம் போதும். வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரைமணி நேரம் ஆன் செய்து வையுங்கள். உள்ளே கிளம்பும் சூடே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடி வைத்த பெட்டியைவிடத் தினமும் ஓடும் பெட்டி இந்தக் காற்றைத் தாங்குகிறது.

கரன்ட்

கேபினெட்டைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்பது தப்பு. பவர் சப்ளையிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு எப்போதும் கொஞ்சம் கரன்ட் கசியும். அதை மண்ணுக்குள் இறக்கத்தான் மூன்றாவது பின் இருக்கிறது. சுரீர் என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். நம் ஊர் மணல் காய்ந்துவிட்டால் கரன்டை வாங்காது, எர்த் குழி பேருக்கு இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவார், கேளுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை பிளக்கில் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். வீட்டுக்கு 600 விஏ போதும். பழைய யூபிஎஸ் கிடைத்தால் அதன் பேட்டரியை மட்டும் மாற்றலாம், பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். இரண்டு மூன்று வருஷத்தில் அது போய்விடும், அது யூபிஎஸ்ஸின் குற்றம் இல்லை. கரன்ட் போனால் ஃபைலைச் சேமித்து ஒழுங்காக ஷட்டவுன் செய்வதற்கான நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. படம் பார்ப்பதற்கு இல்லை. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கிற கரன்டை யூபிஎஸ் தாங்காது. இடி இடித்தால் பவர் பிளக்கோடு நெட் வயரையும் பிடுங்குங்கள்.

கரன்ட் பில்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு: பெட்டியும் எல்சிடி மானிட்டரும் சேர்ந்து 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் 4 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும் அந்தக் கணக்கில் இதுவும் சேரும். பழைய குண்டு மானிட்டர் தனியாகவே அறுபது எழுபது வாட் தின்னும், அதை மாற்றுங்கள்.

ரேமும் எஸ்எஸ்டியும்

காசு செலவழிக்கிற இடம் இது ஒன்றுதான். முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம்.

பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு என்ன போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, இரண்டரை அங்குலம், போதும். பழைய கேபினெட்டில் அதற்கு இடம் இருக்காது. உள்ளே ஓடுகிற, சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாததால் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினால்கூடப் போதும். பவர் சப்ளையில் சாட்டா வயர் இல்லை, பழைய நாலு பின் வெள்ளைப் பிளக்தான் இருக்கிறது என்றால் மாற்று வயர் ஒன்று வாங்க வேண்டும். போர்டிலேயே சாட்டா இல்லை, பட்டை வயர்தான் என்றால் அந்தப் பெட்டிக்கு வயசாகிவிட்டது.

ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர் 2, டிடிஆர் 3 இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், அடியிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது, அழுத்தினால் ஒடியும். சில பழைய போர்டுகள் 4 ஜிபிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஜி31 சிப்செட் அப்படி. கடைக்காரரிடம் போர்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விலையை நான் இங்கே எழுதவில்லை, வாரம் ஒன்றாக இருக்கிறது. ராமநாதபுரத்தில் இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

விண்டோஸா, லினக்ஸா

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7இல் ஓடிய கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. ஆக, நெட் தொடர்பு உள்ள பழைய பெட்டிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான். நெட்டே கொடுக்காமல் டைப்பிங்குக்கு மட்டும் என்றால் விண்டோஸ் 7ஐ அப்படியே விட்டுவிடலாம். என் கடையில் ஒன்று அப்படித்தான் இருக்கிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் போடுவது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மெனு இடது கீழே, மூடும் பட்டன் வலது மேலே என்று விண்டோஸ் பழகியவர்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. 22ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். 32 பிட் மட்டுமே ஓடும் பெட்டிக்கு மின்ட் ஏறாது, ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள்.

போடும் வழி இதுதான். வேறொரு கம்ப்யூட்டரில் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள், கிட்டத்தட்ட 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எட்சர் என்ற இலவச மென்பொருளால் அதை ஏற்றுங்கள். பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், வெறும் காப்பி பேஸ்ட் செய்தால் வேலைக்காகாது. பழைய பெட்டியில் செருகி, ஆன் செய்தவுடன் எஃப் 12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் எஃப் 8, எஃப் 11, எஸ்கேப். யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் எதையும் பதியாமலேயே மின்ட் திறக்கும். அவசரப்பட்டு 'இன்ஸ்டால்' அழுத்தாதீர்கள். பாட்டு கேட்கிறதா, நெட் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று அந்த நிலையிலேயே பாருங்கள்.

திருப்தி என்றால் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் வயரைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் மாட்டிய நிலையில் பதியுங்கள். அப்போது 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்டாலும் பயமில்லாமல் சரி சொல்லலாம். கல்யாண போட்டோ எல்லாம் பிடுங்கி வைத்த டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். பிறகு அதை மாட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப்பில் வைஃபை இருக்காதே என்று கவலைப்படாதீர்கள். போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்தால் நெட் வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் போனால் பாதிப் பாரம் குறையும். யூடியூப் 480பி தாண்ட வேண்டாம்.

தமிழ்

விண்டோஸை அழிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய டிடிபி ஃபைல்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவையாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதிலிருந்து தேவையானவற்றைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். மின்ட்டில் அந்த ஃபைலை இரண்டு தடவை கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் போதும். புதிதாக அடிப்பதை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடிலேயே அடியுங்கள்.

தட்டச்சுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்று தேடிப் பதியுங்கள். 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக இருக்கும். இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் படித்தவர்கள் டைப்ரைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நான் தமிழ்99தான் சொல்லுவேன். 1999 தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. படகுக் கணக்கில் அடிக்கடி வரும் 'பங்கு' என்ற சொல்லைப் பாருங்கள்: ப, ங, க, உ. நாலே தட்டு. ங-வுக்கு அடுத்து க வந்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'பக்கம்' என்பதில் க இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ஒரு வாரம் தடுமாறுவீர்கள், அப்புறம் கை நிற்காது.

பிரிண்டர்தான் தலைவலி. எச்பி லேசர்ஜெட் 1020க்கு லினக்ஸில் கூடுதலாக ஒரு பிளக்-இன் இறக்க வேண்டும், நெட் இருந்தால் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். கேனான் எல்பிபி 2900க்குத் தனி டிரைவர், அதை அமைப்பது சுலபம் இல்லை. நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இந்த 2900 இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அதற்காகத்தான் நெட் இல்லாத விண்டோஸ் 7 பெட்டி ஒன்றை அதனோடு கட்டிப்போட்டிருக்கிறேன். லினக்ஸில் அடித்ததைப் பிடிஎஃப்பாக மாற்றிப் பென்டிரைவில் கொண்டுபோய் அங்கே அச்சடிப்பேன்.

இனி வேலை

படகுக் கணக்கு. நாட்டுப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் கடைக்கு வருவார். டைரியில் எழுதிக்கொண்டிருந்தவர். "தங்கச்சி, டீசல் எவ்வளவு தின்னுச்சுன்னு வருஷத்துக்குச் சேத்துப் பாக்க முடியல" என்றார். எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அவருக்குப் போட்டுக் கொடுத்தது இது: தேதி, மீன் விற்ற தொகை, டீசல், ஐஸ், வழிச்செலவு, வலைச் செலவு, மிச்சம், பங்கு. செலவு போக மிச்சத்தைப் பிரிக்கும் விகிதம் படகுக்குப் படகு மாறும். அதனால் விகிதத்தை ஃபார்முலாவுக்குள் எழுதாமல், மேலே தனிக் கட்டத்தில் எழுதி வையுங்கள். ஃபார்முலா அடிக்கும்போது அந்தக் கட்டத்தைத் தொட்டு எஃப் 4 அழுத்தினால் டாலர் குறி விழும். பிறகு எத்தனை வரிசை இழுத்தாலும் ஃபார்முலா அந்தக் கட்டத்தையே பார்க்கும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கால்க் அமெரிக்க வழக்கில் இருந்தால் நீங்கள் 5/6 என்று அடித்தது ஜூன் 5 ஆகாமல் மே 6 ஆகிவிடும். மாதம் மாறிக் கணக்கே குழம்பிவிடும்! டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் பகுதியில் லொகேலை 'இங்கிலிஷ் இந்தியா' என்று மாற்றிவிட்டுத்தான் முதல் தேதியை அடிக்க வேண்டும். ஃபைலை வாரம் ஒரு தடவை பென்டிரைவில் எடுத்து, அந்தப் பென்டிரைவை வேறு வீட்டில் வையுங்கள்.

கடல் நிலவரம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகம், மீன் கூடும் இடம் பற்றிய அறிவிப்புகளைத் தருகிறது. போன் திரையில் அந்த வரைபடத்தில் பாம்பனும் தொண்டியும் ஒன்றாகவே தெரியும். பழைய 17 அங்குல மானிட்டரில் பார்த்தால் பாக் நீரிணையில் எங்கே மஞ்சள், எங்கே சிவப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். ஃபயர்ஃபாக்ஸ் திறந்தால் இன்காய்ஸும் வானிலை மையமும் இரண்டு டேப்பாகத் தானே வரும்படி ஹோம் பேஜில் வைத்துவிடுங்கள். மீன் கூடும் இடத்தைக் கடல் மேற்பரப்பின் வெப்பம், பச்சையம் இரண்டையும் செயற்கைக்கோளில் பார்த்துத்தான் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த அறிவிப்பு வராது, கம்ப்யூட்டரைத் தட்டிப் பயனில்லை. கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கன் இல்லை என்றால் இல்லை. திரையில் கடல் அமைதியாகத் தெரிகிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பிள்ளைகள் படிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்புக்குரியதை ஒரு தடவை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டால் பிறகு நெட் வேண்டாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களும் அப்படியே. பாம்பனில் ஒரு வீட்டில் நெட்டே இல்லாத பெட்டியை இப்படி அமைத்துக் கொடுத்தேன். "யூடியூப் வரலையே" என்று பையனுக்குக் கோபம், அவன் அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

போட்டோ சேமிப்பது, பட்டா சிட்டா எடுப்பது, ரயில் டிக்கெட் போடுவது எல்லாம் எந்தப் பெட்டியிலும் நடக்கும். பொதுவான கம்ப்யூட்டர் என்றால் பிரைவேட் விண்டோவில் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

எதற்கு வேண்டாம்: விண்டோஸ் 7இல் பேங்க் வேலை. கைரேகைக் கருவி வைத்துச் செய்யும் ஆதார் வேலை, அந்தக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே வருகிறது. கல்யாண வீடியோ எடிட்டிங்.

தேறாத பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும் முன், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கும், டெலீட் செய்தாலும் மீட்டு எடுக்க வழியுண்டு. நடுவில் டிரில்லிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டால் போதும். குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை உடைக்கவோ கடற்கரையில் போடவோ கூடாது. செம்புக்காக வயரைக் கொளுத்துகிறவரிடம் எதையும் கொடுக்காதீர்கள், மின்கழிவு வாங்குவதற்குப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கீபோர்டையும் மவுஸையும் மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், உப்பில் முதலில் போவது அவைதான், எவ்வளவு இருந்தாலும் கடையில் பத்துவதில்லை.